இடது ஓரத்தில் ஆள் இல்லை

1

இந்தக் கதை ஒரு மதிப்பெண் தாளிலிருந்து வந்தது. அலபாமாவின் தென்கோடியில் உள்ள ஒரு சின்னக் கல்லூரியில், கால்பந்து அணியின் படப்பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை ஆட்டத்தைப் படம் பிடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் துண்டு துண்டாக ஓட்டிப் பார்த்து, தற்காப்பு வரிசையில் நின்ற ஒவ்வொருவனுக்கும் மதிப்பெண் போடுவேன். என் பெயர் பொற்கொடி. அங்கே யார் வாயிலும் அது நுழையாமல், முதல் வாரமே ‘மிஸ் போ’ ஆகிவிட்டேன்.

இது அமெரிக்கக் கால்பந்து, கையால் எறிந்து ஆடுவது. தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். எதிரணியில் ஒருவன் பந்தை எறியப் பின்னால் போவான். அவனைக் காக்க ஐந்து தடியர்கள் முன்னால் நிற்பார்கள். எங்கள் வரிசை நால்வர் அந்த ஐவரை உடைத்துக்கொண்டு போய் அவனை வீழ்த்த வேண்டும். நால்வரில் ஒருவன்மேல் இரண்டு பேர் விழுந்தால், பக்கத்தில் நிற்பவனுக்கு வழி திறக்கும். ஆகவே என் தாளில் ஒரு கட்டம் உண்டு: ‘இரண்டு பேரை இழுத்தவன் யார்?’

அந்த அக்டோபரில், நாற்பத்தொரு இடங்களில் அந்தக் கட்டத்தில் நான் 91 என்று எழுதினேன். அப்போது எங்கள் அணியில் 91 என்ற எண்ணை யாரும் அணியவில்லை. அணிந்திருந்தவன் ஆகஸ்டில் இறந்துபோயிருந்தான்.

(கல்லூரியின் பெயரை இரண்டு முறை மாற்றி எழுதினேன். மூன்றாவது முறை எடுத்தே விட்டேன்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

“ஆகஸ்ட் மாதம் அந்த ஊரில் காற்று என்பதே—” வேண்டாம். வானிலையில் ஆரம்பிப்பவர்களுக்கு ஒளிக்க ஏதோ இருக்கிறது.

“டவாரிஸ் கெய்ன்ஸ் சிரித்தால் அறையே—” இதுவும் வேண்டாம். இறந்தவனை முதல் வரியில் சிரிக்க வைப்பது மலிவான வேலை.

“கோச் ராய்ஸ் டில்லரி ஒரு கொடுமைக்காரர்.” இந்த வரி என்னிடம் நெடுநாள் இருந்தது. ஒரு பாதிக்கதையே இதன்மேல் கட்டினேன். பிறகு அந்த மனிதரை நினைத்துப் பார்த்தேன், கட்டடம் நிற்கவில்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். முழுக் கவசத்துடன் பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள். வெயில் நூற்றுநான்கு டிகிரி. தற்காப்பு வரிசையின் கோச் டில்லரி, பயிற்சி முடிந்த பிறகும் தன் ஆட்களை ஓடவிட்டார். இடது ஓரத்தில் 91 அணிந்து நிற்பவனான டவாரிஸ், இருபது வயது, ஓட்டத்தின் நடுவில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான்.

“எழுந்திரு மகனே. இன்னும் ரெண்டே ரெண்டு.”

எழுந்தான். இரண்டும் ஓடினான். பிறகு விழுந்தான். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து போய்ச் சேர்ந்தான். கல்லூரி ஒரு விசாரணை வைத்தது. யார் மேலும் தப்பில்லை என்று எழுதி முடித்தார்கள்.

பருவத்தின் முதல் ஆட்டத்தில், முதல் முறை வரிசை கட்டும்போது அவன் இடத்தைக் காலியாக விட்டார்கள். அரங்கம் எழுந்து நின்றது. அது அந்த ஊர் மரியாதை, ஒரு முறைக்குத்தான். அடுத்த முறைக்கு வேறொருவனை அனுப்ப வேண்டும். டில்லரி அனுப்பவில்லை. அந்த ஆட்டம் முழுக்க, அதற்கடுத்த ஆட்டங்களிலும், இடது ஓரம் காலியாகவே இருந்தது. கேட்டவர்களிடம் ஆள் பற்றவில்லை என்றார். பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

3

மூன்றாவது ஆட்டத்தின் படத்தில்தான் முதலில் கவனித்தேன். எதிரணியின் வலது ஓரத் தடுப்பாளன் ஓர் அடி வெளியே வைக்கிறான். இரண்டு கைகளையும் முன்னால் வீசுகிறான். இடுப்பைத் தாழ்த்திக் கால்களை அகற்றி ஊன்றுகிறான். அவன் முன்னால் ஆளே இல்லை. அவனுக்கு உதவியாக இன்னொருவனும் வருகிறான். இரண்டு பெரிய உடம்புகள் வெறும் இடத்தில் சாய்ந்து நிற்கின்றன. அந்த நேரத்தில் எங்கள் மார்க்கஸ் ப்ரூயிட், காலி இடத்துக்கு உள்பக்கம் நிற்பவன், திறந்த வழியில் புகுந்து பந்து எறிபவனைச் சாய்த்துவிடுகிறான்.

இதற்கு ஒரு நல்ல விளக்கம் வைத்திருந்தேன். எதிரணிகள் போன வருடப் படங்களைப் பார்த்துத்தான் பயிற்சி எடுத்திருப்பார்கள். இடது ஓரத்தில் 91 இருப்பான் என்று உடம்பு பழகியிருக்கும். பழக்கம் கண்ணைவிட வேகமானது. இந்தப் பத்தியை மிக அழகாக எழுதியிருந்தேன்.

ஆறாவது ஆட்டம் அதைக் கெடுத்தது. அன்று எதிரணியின் வலது ஓரத்தில் வழக்கமானவனுக்குக் காலில் அடி. பதிலுக்கு வந்தவன் முதலாம் ஆண்டு மாணவன். கல்லூரி ஆட்டமே அவனுக்கு அதுதான் முதல் முறை. டவாரிஸை அவன் பார்த்ததே இல்லை. பந்து நகர்ந்தது. அவன் கைகளை வீசினான். பிறகு பின்னால் போனான். நடந்து போகவில்லை, தள்ளப்பட்டுப் போனான். அவன் குதிகால்கள் புல்லில் இரண்டு கோடு இழுத்துக்கொண்டு போவது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஆறடி தூரம். பிறகு பொத்தென்று உட்கார்ந்தான்.

உட்கார்ந்தவன் அண்ணாந்து பார்த்தான். யாரோ எதிரில் குனிந்து நிற்பதுபோல. வலது கையை நீட்டினான். அந்தக் கையில் எடை ஏறியது, தோள் இழுபட்டது, அவன் எழுந்து நின்றான்.

டவாரிஸ் தான் வீழ்த்தியவர்களைக் கை கொடுத்துத் தூக்கிவிடுவான். அதற்காக டில்லரியிடம் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறான்.

3 (மறுபடியும்)

மேலே உள்ளதில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்டியதாகத் தோன்றினால் அது என் நடையின் குற்றம்.

டில்லரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறு முறை ஓட்டிப் பார்த்தார். முகம் மாறவேயில்லை. பிறகு தன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினார்.

“பாத்தீங்களா மிஸ் போ? கைய உள்பக்கம் போட்டிருக்கான். போன வருஷம் பூரா சொன்னேன், கேக்கல. இப்பத்தான் கேக்குறான்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை பயிற்சியில் வரிசை கட்டியதும் அவர் காலி இடத்துக்கு முன்னால் போய் நின்று, இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னார். வலது காலைப் பின்னால் வாங்கச் சொன்னார். நல்லது என்றார். முப்பது பேர் மைதானத்தில் இருந்தார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

(கொடுமைக்காரர் என்ற வரியை அடித்தது இங்கேதான். ஆகஸ்டிலிருந்து அவர் மைதானத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருக்கும். கொடுமைக்காரருக்கு அப்படி ஓர் உதட்டை என்னால் எழுத முடியவில்லை.)

4

மார்க்கஸ் எட்டு ஆட்டங்களில் பதினொரு முறை பந்து எறிபவனைச் சாய்த்திருந்தான். எங்கள் மாதிரிச் சின்னக் கல்லூரிக்குத் தொழில்முறை அணிகளிலிருந்து ஆள் வருவது அபூர்வம். அவனுக்காக மூன்று பேர் வந்தார்கள். மூவரும் என் தாளைக் கேட்டார்கள். அந்தப் பாய்ச்சல் முழுக்க அவனுடையதா, பக்கத்தில் வேறு யாராவது வழி திறந்து விடுகிறார்களா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மார்க்கஸ் ஒரு புதன்கிழமை மத்தியானம் என் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான். உட்காரவில்லை.

“அதெல்லாம் என் பேர்ல போடாதீங்க மிஸ் போ.”

போடாவிட்டால் அவனுக்கு என்ன நஷ்டம் என்று எடுத்துச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

“எடப்பக்கம் மூச்சு கேக்குது. ஆட்டத்துல வாங்குற மூச்சு இல்ல. அன்னைக்கு ஆகஸ்ட்ல வாங்குனானே, அந்த மூச்சு.”

“கோச்சுகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். அப்ப அவன்கிட்ட இன்னும் தெம்பு இருக்குன்னாரு.” கதவுப் பிடியைப் பிடித்தான். “அவன் இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கான் மிஸ் போ. யாரும் அவன நிறுத்தச் சொல்லல.”

என்னை வலப்பக்கம் மாற்றச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனான். டில்லரியிடம் கேட்டேன். நன்றாக ஓடுகிற வரிசையை யாராவது கலைப்பார்களா என்றார்.

5

இங்கே இந்தக் கதை இரண்டு மாதம் நின்றுபோனது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். இதுவரை எழுதிய ஒவ்வொரு பிரதியிலும் அந்த ஆகஸ்ட் மதியத்தில் டவாரிஸ் இருக்கிறான், டில்லரி இருக்கிறார், வெயில் இருக்கிறது. நான் இல்லை.

நான் இருந்தேன். மைதானத்தின் ஓரத்தில் நாற்பதடி இரும்புக் கோபுரம், உச்சியில் ஒரு கூண்டு. அங்கிருந்துதான் பயிற்சியைப் படம் பிடிப்பேன். என் வேலை முழு வரிசையையும் சட்டகத்துக்குள் வைத்திருப்பது. அன்றைய படத்தில் டவாரிஸ் முழங்காலை ஊன்றியதும் காமிரா வரிசையை விட்டுவிட்டு அவனை நெருங்குகிறது. பதினொரு வினாடி அவனோடேயே இருக்கிறது. நான்தான் நெருங்கினேன். அவன் தோள்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தேன். இடுப்பில் பேசுகருவி இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தி, அந்தப் பையனை உட்கார வையுங்கள் என்று நான்

விசாரணையில் யாரும் அந்தப் படத்தைக் கேட்கவில்லை. நானாகவும் கொடுக்கவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், டில்லரியை உட்கார வைத்து அதை ஓட்டினேன். ஒரு முறைதான் பார்த்தார்.

“பதினோரு செகண்டா?”

“ஆமா கோச்.”

“ஒரு செகண்டுன்னு நெனச்சுட்டிருந்தேன்.”

நானும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

6

கடைசி ஆட்டத்தை முதலில் இப்படி எழுதியிருந்தேன்: நவம்பர் குளிர், வரிசையில் குனிந்த மூவரின் வாயிலிருந்தும் ஆவி எழுகிறது, இடது ஓரத்தில் யாரும் இல்லாத இடத்திலிருந்து நான்காவதாக ஓர் ஆவி எழுகிறது.

பொய். அன்று இதமான வெயில். யார் வாயிலும் ஆவி இல்லை.

நடந்தது இதுதான். நான்கு புள்ளி முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். எதிரணி பந்தோடு முன்னேறிக்கொண்டிருந்தது. டில்லரி இடைநிறுத்தம் கேட்டார். வழக்கமாக ஆட்டக்காரர்கள்தான் கோச்சிடம் வருவார்கள். அவர் உள்ளே போனார். இடது ஓரம்வரை நடந்துபோய் நின்றார். அங்கே அவர் சொன்னதை மார்க்கஸ் பிறகு எனக்குச் சொன்னான்.

“வெளிய வா மகனே. போதும். இதுக்கு மேல ஓட வேணாம்.”

திரும்பி வந்தார். நாற்பது கெஜ தூரம். களைத்துப்போன ஒருவனைக் கூட்டிக்கொண்டு வருகிற வேகத்தில் நடந்தார். வலது கை பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு உயர்ந்தே இருந்தது. என் லென்ஸ் அவர் கூடவே வந்தது. நடுவர் ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே நகர்ந்து இடம் விட்டார்கள்.

பெஞ்சிலிருந்து ஒருவனை இடது ஓரத்துக்கு அனுப்பினார். பந்து நகர்ந்தது. அந்தப் பருவத்தில் முதல் முறையாக இரண்டு பேர் மார்க்கஸ்மேல் விழுந்தார்கள். அவன் அசைய முடியாமல் நின்றான். பந்து தலைக்கு மேலே போனது. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும். மூன்று புள்ளியில் தோற்றோம். கூட்டம் கலைந்த பிறகும் மார்க்கஸ் இடப்பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கவசத் தொப்பியைக் கழற்றினான்.

தாளில், சாய்த்தவற்றில் நான்கை மட்டும் அவன் பெயரில் போட்டேன். அந்த நான்கும் அவனுடையவை. தொழில்முறை அணி எதுவும் அவனை எடுக்கவில்லை. இப்போது மோபீல் துறைமுகத்தில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறான். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான். ஒரு முறைகூட அந்தத் தாளைப் பற்றிக் கேட்டதில்லை.

7

டில்லரி டிசம்பரில் வேலையை விட்டார். அந்த இடத்தில் முடித்திருந்தால் கதை கௌரவமாக முடிந்திருக்கும். அப்படியே ஒரு பிரதி இருக்கிறது, வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜனவரியில் டவாரிஸின் அம்மா எர்லீன் கெய்ன்ஸ் வந்தாள். பஸ்ஸில் மூன்று மணி நேரம். தாளில் சுற்றிய ஒரு கேக்கை என் மேஜைமேல் வைத்தாள், சாவுக்குப் பூ அனுப்பிய எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறாளாம். ஐம்பது வயது இருக்கும். வார நாளில் தேவாலய உடுப்பு. கல்லூரியில் வேறு யாரையும் பார்க்க வரவில்லை, உன்னைத்தான் பார்க்க வந்தேன் என்றாள்.

“நீ மேல கூண்டுல இருந்தியாமே?”

“ஆமாம்மா.”

“முட்டி போட்டானே, அப்ப எம்புள்ள யாரையாவது பாத்தானா?”

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்றை நான் இதுவரை சொல்லவில்லை. டில்லரி கேட்கவில்லை, அதனால் அவரிடமும் சொல்லவில்லை. படத்தை ஒரு முறை பார்ப்பவர்கள் அந்தத் தோள்களைத்தான் பார்ப்பார்கள். நான் நூறு முறை பார்த்தவள். ஒன்பதாவது வினாடியில் அவன் முகத்தைத் தூக்குகிறான். கோச்சைப் பார்க்கவில்லை. கூண்டைப் பார்க்கிறான். லென்ஸுக்கு நேராக, இரண்டு வினாடி, நான் ஏதாவது செய்வேன் என்பதுபோல. பிறகு எழுந்திருக்கிறான்.

அவளுக்கு ஒரு பதில் சொன்னேன். அது என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எட்டு பிரதிகளில் எழுதி எட்டிலும் கிழித்துவிட்டேன். கேட்டவள் அவள், உங்களுக்கு அதில் பங்கில்லை. ஆம் என்று சொல்லியிருந்தால் அவள் எதைச் சுமந்துகொண்டு அந்த மூன்று மணி நேரம் பஸ்ஸில் திரும்பியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். இல்லை என்று சொல்லியிருந்தால், டில்லரி நிறுத்திக் கூட்டிவந்த அந்தப் பையனை நான் மறுபடியும் எங்கே கொண்டுபோய் விட்டிருப்பேன் என்றும்.

வேண்டுமானால் என் நாற்காலியில் வந்து உட்காருங்கள். ஜன்னலுக்கு வெளியே மைதானம் காலி. அவள் கைப்பை மடியில் இருக்கிறது. அவள் அவசரப்படவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.