புரட்டாசிச் சனியில் ஒரு பால்கறி

சட்டியின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தாள் சொர்ணம்மாள். பரங்கிக்காயும் காராமணிக்காயும் தேங்காய்ப்பாலில் குழைந்து, மேலே எண்ணெய் மினுமினுவென்று மிதந்தது. பார்வைக்கு லட்சணம்தான். ஆனால் ஆவியோடு வந்த வாசனை? ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா என்ன. இறால் விழுது. சாட்சாத் ஙாப்பி.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அன்று. கூடத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தவள் கணவர் சபாபதியின் அக்கா கனகாம்பாள்; பெருமாளுக்கு விரதம். மகன் செல்வம் சிங்கப்பூரிலிருந்து பிலிப்பைன்ஸ்காரி மாரிசெலை மணமுடித்துக் கூட்டி வந்து எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் கனகாம்பாள், ரங்கூனின் தாகேதா பகுதியிலிருந்த இந்த வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவள் வராத வீட்டுக்கு மற்றச் சொந்தமும் வராது. இன்று வந்துவிட்டாள். மருமகள் கைச்சோற்றை அவள் உண்டு எழுந்தால், மாரிசெல் இந்தக் குடும்பத்தின் பெண்.

"என்னம்மா போட்டே இதுல?" என்று, தமிழ் தெரியாத மருமகளிடம் பர்மிய மொழியில் கேட்டாள் சொர்ணம்மாள்.

"காய் மட்டும், அமே. நீங்க சொன்னபடி." மாமியாரைப் பர்மியத்தில் அம்மா என்றே அழைக்கும் மாரிசெல் விரல் விட்டு எண்ணினாள். "பரங்கி, காராமணி, தேங்காய்ப்பால். அப்புறம் உப்புக்கு ஒரு கரண்டி விழுது."

அவள் ஊரில் அந்த ஒரு கரண்டியால் காய்கறி கவிச்சி ஆகிவிடாது. 'மீன் வேண்டாம், கறி வேண்டாம், காய் மட்டும்' என்று சொன்ன சொர்ணம்மாள், விழுதும் வேண்டாம் என்று சொன்னாளா? இல்லை.

சபாபதி உள்ளே வந்து மோப்பம் பிடித்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"அக்காவுக்குப் பத்து நாளா சளி. ஊதுபத்தி வாசனையே தெரியலையாம். பேசாம போடு."

"விரதக்காரிக்கா?"

"எட்டு மாசம் சொர்ணம். யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். கரண்டி இலைக்கு மேலே வந்தது. பின்னால் சமையலறை வாசற்படியில் மாரிசெல், ஈரக்கையைத் துடைக்கவும் மறந்து நின்றாள். கரண்டி சாயவில்லை.

"மதினி, இதுல ஙாப்பி விழுந்திருக்கு. உங்களுக்கு இன்னிக்கு ஆகாது. அவ மேல தப்பில்லை, நான்தான் சரியாச் சொல்லலை."

சபாபதி மின்விசிறியைப் பார்த்தார். மின்சாரம் இல்லாததால் அதுவும் சும்மா இருந்தது.

கனகாம்பாள் இலையைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். "என் மூக்கு அடைச்சுக் கிடக்குன்னு தம்பி சொல்லலையா உன்கிட்ட?"

"சொன்னாரு."

"சொல்லியிருப்பான்." தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். "சின்ன வயசுல அப்பளத்தைத் திருடித் தின்னுட்டு என்னைக் கைகாட்டினவன்தானே இவன்."

நடந்தது முழுதும் புரியாவிட்டாலும், ஏதோ கெட்டுப்போயிற்று என்று மட்டும் மாரிசெலுக்குப் புரிந்தது. வந்து மாமியார் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். முகம் சுண்டிவிட்டது.

"அவளை அழ வைக்காதே. எனக்கு ரசத்தை ஊத்து," என்றாள் கனகாம்பாள். நிதானமாகப் பிசைந்தாள். இரண்டு கவளம் உள்ளே போன பிறகுதான் மறுபடி வாய் திறந்தாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே?"

"ஆமா மதினி."

"எனக்கு விரதம் இல்லை. மத்தியானம் வரேன். என் மகன் விஸ்வநாதனையும் அவன் பெண்டாட்டியையும் கூட்டிட்டு வரேன். இதையே பண்ணச் சொல்லு. வெறும் விழுது எதுக்கு? இறாலாவே போடட்டும்."

சொர்ணம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். அத்தனையையும் பர்மிய மொழியில் சொன்னாள். மாரிசெல் கிண்ணத்தை மார்போடு அணைத்தபடி, நம்பமுடியாமல் ஒருமுறை திருப்பிக் கேட்டாள். பிறகு அவசர அவசரமாக இன்னொரு கேள்வி.

"பெரிய இறாலா அமே, சின்னதா?"

சொர்ணம்மாள் பதில் சொல்வதற்குள், இலையிலிருந்து தலை நிமிராமலே கனகாம்பாள் பர்மிய மொழியில் சொன்னாள்:

"பெரிசு. தலையைக் கிள்ளிடாதே."