கருத்து இல்லாத ஏழு பேர்

ஜனாதிபதிக்கு நூற்றுக்கு எத்தனை பேர் ஆதரவு என்று டிவியில் அடிக்கடி ஒரு எண் சொல்கிறார்களே, அந்த எண் வெல்டாவின் சாப்பாட்டு மேஜையில் செய்த அட்டூழியம் கொஞ்சநஞ்சமல்ல. அது இரண்டு ஏறினால் அவள் தம்பி டெல்பர்ட்டுக்குப் பசி கூடிவிடும். இரண்டு இறங்கினால் அவள் கணவன் ஹார்லனுக்குக் கூடிவிடும். ஏறினாலும் இறங்கினாலும் சோளரொட்டி தீர்ந்துவிடும். வெல்டாவுக்கு வாணலியின் ஓரத்தில் ஒட்டிய கருகல்தான்.

டென்னசி மலையோரத்தில் ஒரே ஒரு சிக்னல் விளக்கு உள்ள ஊர் அது. ஹார்லன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, புல்வெட்டும் மெஷினும் மரமறுக்கும் ரம்பமும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். டெல்பர்ட் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், பழைய தொழிற்சங்கத்துக்காரன். பெண்டாட்டி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். பீன்ஸ், பன்றித் தொடை, சோளரொட்டி, பிறகு சண்டை. முறை மாறவே மாறாது.

சண்டை பெரும்பாலும் அந்த ஜனாதிபதி கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டைப் பற்றித்தான். ஊரில் பாதிப் பேர் அதை 'அந்தாளு காப்பீடு' என்பார்கள். ஹார்லன் அந்தப் பாதியில் முதல் ஆள். சொந்தத் தொழில் செய்கிறவன், காப்பீடு என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தாளு கையால் ஒரு மாத்திரை கூட வாங்க மாட்டேன் என்று கொட்டகைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சர்க்கரை வியாதி மட்டும் அவனுக்கு இல்லாதிருந்தால், போகட்டும் கிழவன் என்று நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அக்டோபரில் ஒருநாள் ஒரு மரையாணி அவன் வேலை செய்யும் பூட்ஸுக்குள் விழுந்திருக்கிறது. அதன்மேல் காலை வைத்துக்கொண்டு பொழுதுக்கும் நின்று வேலை பார்த்திருக்கிறான். சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியைத் தின்று வருஷங்கள் ஆகியிருந்தன. சாயங்காலம் வெல்டா பூட்ஸைக் கழற்றியபோது காலுறை நனைந்திருந்தது. மரையாணி சதைக்குள் பாதி புதைந்திருந்தது. அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, காலையிலிருந்து இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றான்.

அந்தப் புண் ஆறவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. புண் மட்டும் அப்படியே இருந்தது.

ஜனவரியில், அந்தாளு காப்பீட்டில் அந்த வருஷத்துக்குப் பதிவு செய்ய இன்னும் சில நாள்தான் மிச்சம் என்றபோது, வெல்டா தம்பி வீட்டுக்குப் போனாள். டெல்பர்ட் தன் சமையலறை மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து, இரண்டு விரலால் தட்டித் தட்டி அவள் பெயரையும் ஹார்லன் பெயரையும் அந்தக் காப்பீட்டில் சேர்த்துவிட்டான். விண்ணப்பம் அவள் பெயரில்.

"மச்சான்கிட்ட என்னக்கா சொல்லப் போற?"

"பள்ளிக்கூடத்துல குடுத்தாங்கன்னு சொல்லுவேன்."

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் அரை நாள் வேலை செய்கிறவள். அரை நாள் ஆட்களுக்குக் காப்பீடா? ஏப்ரன் கூட அவள் சொந்த ஏப்ரன்தான். ஆனால் ஹார்லன் கேட்கவா போகிறான்.

"நீ மட்டும் வாயத் தொறக்காம இரு, டெல்பர்ட். அது போதும்."

அம்மா கல்லறை மேல் சத்தியம் என்றான் டெல்பர்ட். நல்ல மனசோடுதான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரியிலிருந்து எல்லாம் ஒழுங்காக நடந்தது. வாரம் ஒருமுறை கால் மருத்துவமனை. ஹார்லனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வெல்டா மட்டும் பணம் கட்டும் ஜன்னலுக்குப் போய்க் காப்பீட்டுக் கார்டைக் காட்டுவாள். புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். பாதத்தில் பாரம் விழாமல் தாங்க ஒரு பெரிய சாம்பல் நிறப் பூட்ஸ் கொடுத்தார்கள். இந்தக் காலில் நிற்கவே கூடாது, நின்ற ஒவ்வொரு நிமிஷமும் ஒரு வாரத்து வைத்தியத்தைக் கெடுக்கும் என்றார் டாக்டர். தொடையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, அதைத் திறந்துவிட்டால் பாதம் தப்பும் என்று சொல்லி, ஏப்ரல் இரண்டாம் வியாழனுக்கு நாள் குறித்தார். வெல்டா அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போடவில்லை. வட்டம் போட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம்.

ஹார்லனுக்கோ தலைகால் புரியவில்லை. தீவனக் கடையில் போய் நின்று, என் பெண்டாட்டி உழைப்பில் வந்த காப்பீடு இது, அந்தாளு தயவு எனக்கு எதற்கு என்று பேசிவிட்டு வருவான். அது டெல்பர்ட் காதுக்கும் வந்தது. இரண்டு மாதம் அதை மென்று விழுங்கினான். அரசியல் பேசுகிறவனுக்கு இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியமா என்ன?

ஏப்ரல் முதல் ஞாயிறு. டிவியில் எண் நாற்பத்தி மூன்று என்றார்கள். போன தடவையைவிட மூன்று குறைவு. ஹார்லன் பன்றித் தொடையை இன்னொரு துண்டு எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டான். நாற்பத்தி மூன்று பேர் எங்கே இருக்கிறார்கள், இந்த ஊரில் ஒருவனைக் கூடக் காணோமே என்றான். டெல்பர்ட் அதற்கு ஏதோ சொன்னான். ஹார்லன் அதற்கு ஏதோ சொன்னான். வெல்டாவுக்கு இதெல்லாம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மாதிரி. அவள் பீன்ஸ் சட்டியை எடுத்து வரப் போனாள்.

திரும்பி வரும்போது ஹார்லன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒழச்சுத் திங்கிற எவனும் அந்தாளு காப்பீட்டத் தொட மாட்டான், டெல்பர்ட். ஓசிச் சோத்துக்கு அலையிறவன்தான் அதுல போய் நிப்பான்."

டெல்பர்ட்டின் கழுத்து சிவந்தது. வெல்டா பார்த்துவிட்டாள். கையில் சூடான சட்டி. அதைக் கீழே வைப்பதற்குள் அவன் வாயைத் திறந்துவிட்டான்.

"அப்ப உன் காலுக்குக் கட்டுப் போடுறது யாருன்னு நெனச்ச மச்சான்? பள்ளிக்கூடமா? அந்தாளு காப்பீடுதான். என் வீட்டு மேசையில ஒக்காந்துதான் அக்கா சேந்தா. இந்த ரெண்டு வெரலாலதான் உன் பேரத் தட்டுனேன்."

அந்த இரண்டு விரலையும் தூக்கிக் காட்டினான். முகத்தில் அப்படி ஒரு ஜொலிப்பு. எத்தனையோ வருஷத்துச் சண்டையில் அன்றைக்குத்தான் அவன் முழுசாக ஜெயித்திருந்தான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தான், விரல் தானாக மடங்கிவிட்டது.

ஹார்லன் கத்தவில்லை. கத்தியிருந்தால் வெல்டா சமாளித்திருப்பாள். கார்டு எங்கே என்று மட்டும் கேட்டான். அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கார்டோடு மடித்து வைத்திருந்த கடிதத்தில் இருந்த போன் நம்பரைப் பார்த்து அடித்தான். பாழாய்ப் போன அந்த நம்பரில் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் எடுக்கிறார்கள். ரத்து பண்ணு என்றான். விண்ணப்பம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சொல்ல வேண்டும் என்றிருக்கிறாள் அங்கே இருந்த பெண்.

அவன் போனை வெல்டாவிடம் நீட்டியபடி எழுந்து நின்றான். சாப்பிட உட்காரும்போது பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தான். வெறும் கட்டோடு, தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றான்.

"ஹார்லன், ஒக்காரு."

"நீ சொல்லு. நான் ஒக்கார்றேன்."

"வர்ற வியாழன் ஆபரேஷன். அது முடியட்டும். அப்பறம் நானே சொல்லிர்றேன்."

"ஊரெல்லாம் பேசிட்டு வந்திருக்கேன், வெல்டா. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போவேன்."

டெல்பர்ட்டும் எழுந்துவிட்டான். நான் சும்மா சொன்னேன், பொய் மச்சான், உட்காரு என்று கெஞ்சினான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன் என்பது ஹார்லனுக்கு நன்றாகவே தெரியும். போனில் அந்தப் பெண் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தாள். அவனை நம்மால் உட்கார வைக்க முடியுமா? ஆறடி ஆள். வெல்டா கீழே பார்த்தாள். கட்டின் அடியில் ஒரு ஈரம் தெரிந்தது, பிறகு அது தரையிலும் தெரிந்தது. அவனுக்கு அது தெரியாது. அவனுக்கு அங்கே வலியே கிடையாது, எல்லாம் அவளுக்குத்தான். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. நின்ற ஒவ்வொரு நிமிஷமும் என்று டாக்டர் சொன்னது அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் போனை வாங்கி, ரத்து பண்ணிடுங்க என்றாள். நிச்சயமாகத்தானா என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் ஆமாம் என்றாள். இன்னும் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டபோது வெல்டா போனை வைத்துவிட்டாள். ஹார்லன் உட்கார்ந்தான்.

மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து அவள் அதே நம்பரைக் கூப்பிட்டாள். வேறொரு பெண் எடுத்தாள், ரொம்ப மரியாதையாகப் பேசினாள். நீங்களாக விலகினால் இடையில் மறுபடி சேர முடியாது, நவம்பரில் பதிவு திறக்கும், அப்போது தாராளமாகச் சேரலாம் என்றாள். புருஷன் காலைப் பற்றி வெல்டா சொன்னாள். எங்கள் விவரத்தை எடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், நாள் கூடக் குறித்தாகிவிட்டது என்றாள். ரொம்ப வருத்தமாக இருக்கிறது, உங்கள் நாள் இனியதாக அமையட்டும் என்றாள் அந்தப் பெண்.

கால் மருத்துவமனையில் வியாழக்கிழமையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். காப்பீடு இல்லாமல் அதைச் செய்ய வீட்டை விற்றாலும் காணாது. ஜன்னலில் இருந்த நர்ஸுக்கு வெல்டாவைத் தெரியும், அவள் பிள்ளைகள் வெல்டா கையால் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரொம்ப மோசமாச்சுன்னா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டு வந்துருங்க. அங்க காசு இல்லன்னு யாரையும் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

"அங்க என்ன செய்வாங்க?"

நர்ஸ் கையில் இருந்த தாளைத் திருப்பினாள். "கால எடுத்துருவாங்க," என்றாள்.

இரண்டு ஞாயிறு டெல்பர்ட் வரவில்லை. வெல்டா அவனைக் கூப்பிடவும் இல்லை. மூன்றாவது ஞாயிறு கடையில் வாங்கிய ஆப்பிள் பலகாரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். கூப்பிட்டது யார் தெரியுமா? ஹார்லன். எண் இன்னும் ஒன்று குறைந்திருக்கிறதாம், அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லையாம். இருவரும் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வாய் சாப்பிடுவதற்குள் ஜனாதிபதியைப் பிடித்துக்கொண்டார்கள். வெல்டாவுக்கு அந்தப் பலகாரத்தைத் தட்டோடு தூக்கி இரண்டு பேர் தலையிலும் அடிக்க வேண்டும் போல இருந்தது. துண்டு போட்டுப் பரிமாறினாள்.

மே மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் போன் அடித்தது. கருத்துக் கணிப்பு, பத்து நிமிஷம் ஆகும், பேசலாமா என்றாள் ஒரு சின்னப் பெண். ஜன்னல் வழியே கொட்டகையில் ஹார்லன் ஸ்டூலில் உட்கார்ந்து ரம்பச் சங்கிலி ஒன்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. வெல்டா சரி என்றாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டு நாளாகியிருந்தது.

ஜனாதிபதி செயல்படும் விதத்தை ஆதரிக்கிறீர்களா எதிர்க்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். இந்த மருத்துவச் சட்டம் உங்கள் குடும்பத்துக்கு உதவியதா, கெடுதல் செய்ததா, எந்த வித்தியாசமும் இல்லையா என்று கேட்டாள். வெல்டா மரையாணியிலிருந்து ஆரம்பித்தாள். கதை பிப்ரவரி வரைக்கும் கூட வரவில்லை, அந்தப் பெண் குறுக்கிட்டாள்.

"அம்மா, மன்னிச்சுக்கங்க. இந்த மூணுல ஒண்ணுதான் நான் குறிச்சுக்க முடியும்."

வெல்டா மூன்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் பொய்யாக இருந்தது.

"கருத்து இல்லன்னு போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கம்மா," என்றாள் வெல்டா. ஜனாதிபதி கேள்விக்கும் அதையே போடச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு சாப்பாடு முடிந்து அவள் ஹார்லனின் காலை மடியில் வைத்துக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு விரல் கறுத்திருந்தது. வாடை அடித்தது. காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போதே எமர்ஜென்சிக்குப் போகலாம் என்றாள், மத்தியானம் என்றான். மத்தியானம் கேட்டாள், செய்தி முடியட்டும் என்றான். டெல்பர்ட் வாடை தாங்காமல் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான். ஆனால் கண் டிவியில்தான்.

திரையில் எண்கள் வந்தன. ஆதரவு நாற்பத்தி மூன்று. எதிர்ப்பு ஐம்பது. கருத்து இல்லை ஏழு.

"யாரு மச்சான் இந்த ஏழு பேரு?" என்றான் டெல்பர்ட். "இவ்வளவு நடக்குது நாட்டுல. ஒரு கருத்துக் கூடவா இல்லாம போகும்?"

"எவனாவது குகையில கெடப்பான்," என்றான் ஹார்லன். "சோத்துக்குப் பதிலா புல்லத் திங்கிறவனா இருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் ஒரே விஷயத்துக்கு ஒன்றாகச் சிரித்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும். ஹார்லன் சிரித்த சிரிப்பில் கால் வெல்டாவின் மடியில் குலுங்கி, பாதி சுற்றிய கட்டு அவிழ்ந்து விழுந்தது.

"கால ஆட்டாத, ஹார்லன்," என்றாள் அவள்.

"நான் எங்க ஆட்டுனேன்?" என்றான் அவன்.

அவள் கட்டைப் பொறுக்கி எடுத்து, மறுபடி முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள்.