ஆறு இட்லியா, எட்டு இட்லியா

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்த அழைப்பு வந்தது. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து. "தங்கதுரைக்கு ஒரு கிட்னி வந்திருக்கு. இன்னொருத்தரையும் கூப்பிட்டிருக்கோம். யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்கு. எதுவும் சாப்பிடாம உடனே கிளம்பி வாங்க."

அப்பா பதிவு செய்து நான்கு வருடம் ஆகிறது. எதனால் இவ்வளவு காத்திருக்கிறோம் என்று என் மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ரத்த வகை ஓ, அந்த வரிசைதான் நீளம். எங்கள் வீட்டில் கொடுக்கக்கூடியவர் யாருடையதும் அப்பாவுக்குப் பொருந்தவில்லை. இவை என் கையில் இல்லை. போனில் சார்ஜ், பரிசோதனைத் தேதிகள், கார் ஆகிய மூன்றும் என் கையில். மூன்றையும் நான்கு வருடம் சரியாகப் பார்த்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

வடக்கனந்தல் கடைத்தெருவுக்கு ஓடி வாடகைக் கார் பிடித்து வந்தேன். அப்பாவும் அவருடைய அக்கா ராணியம்மாள் அத்தையும் ஏறினார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டும்போது அப்பா பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார்.

"இன்னாப்பா சாப்ட்டீங்க?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்ல காரியத்துக்குப் போற ஆளு வெறும் வயித்தோட வாசப்படி தாண்டுவானா? ஆறே ஆறு இட்லிதான்டா" என்றார் அத்தை.

"எட்டு" என்றார் அப்பா.

"சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்க அத்த!"

"எங்கிட்ட எவன்டா சொன்னான்?"

நான்தான் சொல்லவில்லை. போனை எடுத்தவன் நான். காருக்கு ஓடியவனும் நான். அதற்குப் பிறகு அத்தை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், காலையில் போன் செய்த விஜயலட்சுமி மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். எண்ணிக்கையில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "ரத்தம் பொருந்துதான்னு பாக்கவே ஆறு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இட்லி இருக்குமா? இனிமே மட்டும் எதுவும் குடுக்காதீங்க."

மாலை ஆறரைக்கு மேடம் வந்தார். பொருந்தவில்லை. இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். அப்போது உடம்பில் உண்டான எதிர்ப்புச் சக்தி இந்தக் கிட்னியை ஏற்காதாம். கல்வராயன் மலையிலிருந்து வந்த கரியன் என்பவருக்குப் பொருந்திவிட்டது. அப்பாவின் இடம் வரிசையில் அப்படியே இருக்கும், ஆனால் அவருக்குப் பொருந்துவது அமையக் கொஞ்சம் ஜாஸ்தி நாள் ஆகலாம் என்றார்.

இட்லி காரணமில்லை என்றதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்காக வெட்கமாக இருந்தது.

அப்பா எழுந்து, மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த அத்தையைக் காட்டினார். "இட்லியால இல்லன்னு எங்க அக்காகிட்ட நீங்களே ஒரு தடவ சொல்லிடுங்கம்மா. நான் சொன்னா நம்பாது. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல."

மேடம் போய்ச் சொன்னார். அத்தை மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார். "ஆறுதாம்மா குடுத்தேன்."

கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். என் கையில் இல்லாதவற்றின் கீழ்: எதிர்ப்புச் சக்தி. என் கையில் இருப்பவற்றின் கீழ்: அடுத்த முறை அத்தையிடம் முதலில் சொல்வது.