நான் கட்டிய பெட்டி

வெளிநாடு போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, பிள்ளைகள் வீல்சேர் போட்டுக்கொடுத்தால் அதில் உட்காராதீர்கள் என்பதுதான். கால் முடியாதவர்களுக்கு அது இருக்கட்டும். எனக்கு ஐம்பத்தாறு வயதுதான் ஆகிறது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் முப்பத்தோரு வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். எனக்குப் போய் வீல்சேரா? கேட்டதும் தலைக்குமேல் கோபம் வந்துவிட்டது.

"ஒனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. வழி தெரியாம நின்னுடுவ. அதுல ஒக்காந்தா அவங்களே தள்ளிக்கிட்டுப் போயி ஏத்தி வுட்டுருவாங்க" என்றாள் என் மகள் ஆன் மேரி. மெல்போர்னில் நர்ஸாக இருக்கிறாள். தலைப்பிரசவம். அதற்குத்தான் மூன்று மாதம் வந்து இருக்கும்படி கூப்பிட்டிருந்தாள்.

"வழி கேக்க வாய் இருக்குது. நடக்கக் கால் இருக்குது. போன வை" என்றேன்.

பிரசவத்துக்கு மட்டும் நான் போகவில்லை. என் பேர் கெட்டுக் கிடந்தது. அதை நிமிர்த்தவும்தான் போனேன்.

எங்கள் பட்டறை முதலாளி டோமினிக். என்னைவிடச் சின்னவன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்கிறோம். மாதா, சூசையப்பர், பாலன், மூன்று ராஜாக்கள், இடையன், ஆடு, மாடு, கழுதை, இறக்கை வைத்த சம்மனசு என்று ஒரு செட்டுக்குப் பதினொன்று. சம்மனசின் இறக்கை அப்பளம் கனம்தான் இருக்கும். அதையெல்லாம் வைக்கோல் வைத்துப் பெட்டியில் கட்டுவது என் வேலை. உபகாரமேரி கட்டிய பெட்டி என்றால் எஸ்டேட்டில் யாரும் குலுக்கிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

போன வருஷம் மெல்போர்னில் கடை வைத்திருக்கும் தமிழ்மணி என்பவர் ஆர்டர் கொடுத்தார். நெய்வேலிப் பக்கத்துக்காரர். மூன்று தடவை கப்பலில் சரக்கு போனது. மூன்று தடவையும் இறக்கை உடைந்தது, கழுதைக் காது உடைந்தது, ஆட்டுக்கால் உடைந்தது. அவர் அனுப்பிய போட்டோவை டோமினிக் எல்லாருக்கும் முன்னால் என்னிடம் நீட்டினான்.

"பாருங்கக்கா. இத நான் எங்க போயி சொல்றது?"

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டிக்குள் வெறும் பொம்மைகளும் உடைந்த துண்டுகளும்தான் கிடந்தன.

"வைக்கோலு எங்க தம்பி? ஒரு துரும்பு கூட இல்லியே?"

"போட்டோ புடிக்கிறதுக்கு எடுத்துப் போட்டிருப்பாங்க. ஒடஞ்சது ஒடஞ்சதுதான? ஒங்களுக்கும் வயசாவுதுக்கா. கை முன்ன மாதிரி இல்ல போலருக்குது."

கையாம்! என் கை இன்றைக்கும் ஒரு பொம்மையைத் தொட்டதுமே எந்த இடத்தில் மெலிசு என்று சொல்லிவிடும். மறுநாள் பேக்கிங் மேசையில் நீலாவதியை நிறுத்திவிட்டு, காய்ந்த பொம்மைகளின் ஓரத்தை ஈரத்துணியால் துடைக்கும் இடத்தில் என்னை உட்காரவைத்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் உட்காரும் இடம் அது. நீலாவதி நான் பழக்கிய பெண். அவள் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டாள், பாவம். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

இன்னொரு தடவை உடைந்தால் கிறிஸ்துமஸ் ஆர்டர் முந்நூறு செட்டையும் வேறு இடத்தில் எடுத்துக்கொள்வேன் என்று தமிழ்மணி சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் எனக்கு விசா வந்தது. நேராக டோமினிக்கிடம் போனேன்.

"ஒரு செட்டு குடு தம்பி. நானே கட்டி நானே கொண்டு போயி அவரு கையில குடுக்கறேன். ஒண்ணு ஒடஞ்சாலும் திரும்பி வந்து ஒன் பட்டறை வாசல மிதிக்க மாட்டேன்."

இருபது பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாயை விட்டுவிட்டேன், இனி அள்ள முடியாது. எங்கள் ஊர் கருவேப்பிலங்குறிச்சியில் என் அண்ணன் வயலிலிருந்து புது வைக்கோல் கொண்டுவந்து, தண்ணீர் தெளித்து, நிழலில் உலர்த்தி, ஒரு நாள் முழுக்க அந்த ஒரு பெட்டியைக் கட்டினேன்.

சென்னை விமான நிலையத்தில் என் பேரை எழுதிப் பிடித்தபடி ஒருவர் வீல்சேரோடு நின்றார். "ஒக்காருங்கம்மா" என்றார். நான் பெட்டியைத் தூக்கி அதில் உட்காரவைத்தேன். அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார், நான் கைவீசிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. கவுண்டரில் பெட்டியை வாங்கி ஓடும் பட்டையில் படுக்கப் போட்டார்கள். அது உள்ளே போய் மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

இரண்டாவது யோசனை: கேட் நம்பரைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி நம்பரை நாங்கள் அப்படித்தான் எழுதிவைப்போம். கோலாலம்பூரில் விமானம் மாறவேண்டும். எதிரில் வருகிறவர்களிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். சீனாக்காரர், மலாய்க்காரர், ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என்று ஆளுக்கு ஒரு பக்கம் கைகாட்டி என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். விமானம் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே கேட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஆன் மேரிக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினாள்.

மூன்றாவது யோசனைதான் முக்கியம். ஆஸ்திரேலியாவில் இறங்கும் முன் ஒரு அட்டை கொடுப்பார்கள். சாப்பாடு, செடி, விதை ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்று கேட்டிருக்கும். பக்கத்து சீட்டுத் திருச்சிக்காரம்மா, "எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுருங்க, தொல்ல இருக்காது" என்றார். என் மகளோ, சந்தேகம் வந்தால் ஆமாம் என்று போடு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஊறுகாய் இருக்கிறதே என்று அந்த அம்மாவையே படிக்கச் சொல்லி ஆமாம் என்று போட்டேன். அந்த ஒரு கோடு இல்லையென்றால் எனக்கு விஷயமே தெரிந்திருக்காது.

கையுறை போட்ட ஒரு அதிகாரிப் பெண் என் சாமான்களைப் பார்த்தாள். ஊறுகாயை ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஸ்ட்ரா?" என்றாள். "நோ ஸ்ட்ரா. சாரி."

வைக்கோல் அந்த நாட்டுக்குள் போகக்கூடாதாம். அதில் விதை இருக்கும், பூச்சி இருக்கும் என்று சுவரில் படம் போட்டிருந்ததைக் காட்டினாள். கோபமாகப் பேசவில்லை, நல்லவள். பொம்மைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துடைத்தாள். நான் ஒரு நாள் முழுக்க வைத்த வைக்கோலைக் கடைசித் துரும்புவரை பொறுக்கி ஒரு பையில் போட்டு வாயைக் கட்டினாள். பிறகு பதினொரு பொம்மைகளையும் வெறும் பெட்டிக்குள் திரும்ப வைத்து டேப் ஒட்டி என்னிடம் தள்ளினாள்.

எனக்கு நெற்றியில் அடித்தது மாதிரி இருந்தது. அட மாதாவே! கப்பலில் வந்த சரக்குக்கும் இதேதான் நடந்திருக்கிறது. வைக்கோலை எடுத்துவிட்டு மொட்டையாக அனுப்பியிருக்கிறார்கள், அது லாரியில் குதித்துக் குதித்துப் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் கை ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் வைக்கோல்? அது என் வைக்கோல்தானே. முப்பத்தோரு வருஷம் வைக்கோலே சாமி என்று இருந்தவள் நான்தானே. சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்து கண் கலங்கிவிட்டது.

அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு டேப்பைக் கிழித்தேன். பேரப்பிள்ளைக்கென்று பழைய வேட்டித் துணியைத் துவைத்துக் கிழித்துக் கொண்டுபோயிருந்தேன். அதில் ஒவ்வொரு பொம்மையாகச் சுற்றி, இடுக்குகளில் என் புடவைகளைத் திணித்து, அவள் மேசையிலேயே கட்டி முடித்தேன். பெட்டியைக் குலுக்கிக் காட்டினேன், சத்தமே இல்லை. அவள் ஏதோ கேட்டாள். என்ன வேலை என்று கேட்கிறாள் என்று புரிந்தது.

"பேக்கிங். இந்தியா. தர்ட்டி ஒன் இயர்" என்றேன்.

அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு மணி நேரமாகக் காத்திருந்த ஆன் மேரி வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தமிழ்மணியின் கடைக்குப் போனோம். நாற்பது வயது இருக்கும், மரியாதையான மனிதர். பெட்டியைத் திறந்து பதினொன்றையும் அவர் முன்னால் வரிசையாக நிறுத்தினேன்.

"நல்லா வந்திருக்குதுங்கம்மா. ஆனா நீங்க கையோட கொண்டாந்தீங்க, பொடவையில சுத்துனீங்க. முந்நூறு செட்டுக்கும் பொடவை சுத்த முடியுங்களா?" என்றார்.

கேட்டது நியாயமான கேள்வி. அவர் கடையின் பின்பக்கம் காலி அட்டைப் பெட்டிகளும் பழுப்புக் காகிதமும் மலையாகக் கிடந்தன. "ஒரு கத்தி குடுங்க, ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன். அட்டையைப் பட்டை பட்டையாகக் கிழித்து, குறுக்கும் நெடுக்கும் செருகிப் பதினொரு அறை செய்தேன். காகிதத்தைக் கசக்கி, விரித்து, மறுபடி கசக்கினால் பஞ்சு மாதிரி ஆகும். இறக்கைக்குப் பின்னால் மட்டும் காகிதத்தை உருட்டி வைத்தேன், இறக்கைமேல் எதுவும் படக்கூடாது. வைக்கோலில் கற்ற அதே பதம்தான், சாமான் மட்டும் வேறு.

"டோமினிக்குக்குப் போன் போடுங்க. முகம் தெரியிற மாதிரி போடுங்க" என்றேன்.

திரையில் டோமினிக் வந்தான். பின்னால் எங்கள் சூளை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்திருக்கிறான். நீலாவதியும் எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, தப்பு வைக்கோல்ல இருக்குது. இந்த ஊருல வைக்கோல உள்ள வுட மாட்டாங்க, உருவி எடுத்துட்டு மொட்டையா அனுப்புறாங்க. அது தெரியாம வச்சது நானு. அத ஒத்துக்கறேன். ஆனா என் கைய சொன்ன பாரு, அத நான் ஒத்துக்க மாட்டேன். இப்பப் பாரு."

பெட்டியைத் தூக்கி, ஆளுயர அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

"அம்மா, வேணாம்மா. இருக்கறது ஒரே செட்டு" என்று ஆன் மேரி என் கையைப் பிடித்தாள். தமிழ்மணிகூட, "இருக்கட்டுங்கம்மா, நம்புறேன்" என்றார். எனக்கு நம்பிக்கை வேண்டாம், கண்ணால் பார்க்கவேண்டும். பட்டறை வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னதும் அப்போது ஞாபகம் வந்தது. அந்த மேசை இல்லாவிட்டால் ஊரில் நான் யார்? சிலுவை போட்டுக்கொண்டு பெட்டியைத் தள்ளிவிட்டேன்.

பெட்டி மூலை குத்தி விழுந்து ஒரு உருளு உருண்டது.

தமிழ்மணியே கத்தியை எடுத்துப் பிரித்தார். முப்பத்தோரு வருஷத்தில் நான் கட்டிய பெட்டியை வாங்குகிறவர் பிரிப்பதை நான் பார்த்ததே இல்லை. கட்டுவதோடு என் வேலை முடிந்துவிடும், லாரி போய்விடும். இப்போது ஒருவர் என் காகிதத்தைப் பிரிக்கிறார், மாதா வருகிறாள், சூசையப்பர் வருகிறார், ராஜாக்கள் வருகிறார்கள். கழுதை இரண்டு காதோடும் வந்தது. கடைசியாகச் சம்மனசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறக்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"முந்நூறு இல்லீங்க டோமினிக், ஐந்நூறா அனுப்புங்க. இந்தம்மா கட்டுற மாதிரியே கட்டி அனுப்புங்க" என்றார்.

நான் அவர் கையிலிருந்து சம்மனசை வாங்கி மாதாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"தப்பா பேசிட்டேங்க்கா" என்றான் டோமினிக். அவனைக் கேட்பதற்காக எத்தனையோ கேள்விகளை மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"சரி சரி. நீலாவதிகிட்ட போன குடு. அட்டைய எப்புடி செருவணும்னு சொல்றேன், அவ எழுதிக்கட்டும். நான் நவம்பர்லதான் வருவேன்."

"வந்ததும் ஒங்க மேச ஒங்களுக்குத்தாங்க்கா. ஸ்டேஷனுக்கு ஆள அனுப்புறேன்."

"ஆள அனுப்பாத. நீயே வா."

பேத்தி பிறந்து, அவளைக் குளிப்பாட்டி, அவளுக்கு என் குரல் பழகி, நவம்பர் கடைசியில் திரும்பினேன். காலை ரயிலில் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினால், பிளாட்பாரத்தில் டோமினிக் நிற்கிறான். என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"ஐந்நூறும் போயி சேந்துடுச்சுக்கா. ஒண்ணு கூட ஒடையல. கருவேப்பிலங்குறிச்சிக்கு வுடட்டுமா, வூட்டுல படுத்து எழுந்து நாளைக்கி வரீங்களா?"

"எஸ்டேட்டுக்கு வுடு" என்றேன்.