வரி கேட்காத வீடு

1934 மார்ச் 3, சனிக்கிழமை. இன்று ஒரு பிழையைக் கண்டுகொண்டேன். மூன்று வாரங்களாக மியூசியத்தின் பழைய ஆண்டறிக்கைகளில் ‘விக்கிரகங்கள்’ என்ற தலைப்பின் கீழ் மட்டுமே தேடியிருக்கிறேன். நமக்குச் சாமி என்றால் மியூசியத்துக்கும் சாமி என்று எண்ணிவிட்டேன். அது சாமி என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

இதை எழுதிவிட்டு இராமலிங்கம் நோட்டுப் புத்தகத்தை மூடினான். பகலில் ரயில்வே ஸ்டோரில் குமாஸ்தா வேலை, மாலையில் இங்கிலீஷ் வகுப்பு, சாப்பாடும் படுக்கையும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறையில். தினம் ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதிப் பழகச் சொல்லியிருந்தார் வாத்தியார். அவன் தமிழில்தான் எழுதினான். இங்கிலீஷில் எழுதினால் வேறு யாரோ செய்த தப்பு மாதிரி இருந்தது.

அவன் குடும்பம் கிள்ளான் ரயில்வே லயத்தில், வேலையாட்களின் வரிசை வீடுகளில், இருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் பாதை போட மண் வெட்டியபோது, உள்ளங்கை அகலத்தில் வழவழப்பான ஒரு கல் கிடைத்தது. வேலையாட்கள் அதை லயத்து மரத்தடியில் வைத்து மஞ்சளும் குங்குமமும் பூசி முனியாண்டி என்று கும்பிட்டார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் கல் இல்லை. வேலையாட்களின் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்த அய்யாவு, இராமலிங்கத்தின் தாத்தா, அதை எஞ்சினியர் துரையிடம் கொடுத்துவிட்டிருந்தார். “தொர மியூசியத்துக்குக் கேட்டாரு, குடுத்தேன்” என்றார். சாகும்வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் அவர் புதுக்குடை ஒன்று வாங்கினார். லயத்துக்கு அது போதும். அய்யாவு சாமியை விற்றுவிட்டான் என்று முடிவாயிற்று.

மரத்தடியில் வேறு கல் வைத்தார்கள். திருவிழா நின்றுபோகவில்லை. அய்யாவு வீட்டில் வரி வாங்குவதுதான் நின்றுபோயிற்று. பங்குனியில் வரி வசூலிப்பவர்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த ஒரு வாசலை மட்டும் தாண்டிப் போவார்கள். அந்த நாட்களில் இராமலிங்கத்தின் அப்பா பாலன் ஏதாவது வேலை என்று வெளியே போய்விடுவார். இந்த வருஷம் பூசாரி தம்புசாமி அவரிடம் ஒரு பேச்சுக்குச் சொன்னார்: “இனாமாக் குடுத்தான்னு மியூசியக் காயிதம் கொண்டாங்க. நானே வந்து வரி கேக்கறேன்.” அவர் விளையாட்டாகச் சொன்னதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மகனைத் தேடச் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்ததும் இராமலிங்கம் மியூசியத்துக்கு ஓடினான். புத்தக அறையில் இருந்த அய்யூப் இப்போதெல்லாம் அவனைப் பார்த்ததுமே சிரித்துவிடுவார்.

“என்ன தம்பி, ஒங்க சாமி இன்னும் அகப்படலியா?”

“சாமின்னு தேடினது தப்பு அண்ணே. கல்லுன்னு தேடணும்.”

“கல்லுன்னா நாலு அலமாரி இருக்கு லா. ஈயக்கல்லுலருந்து ஆரம்பிக்கிறீங்களா?”

ஈயக்கல்லில் ஆரம்பித்துப் பார்த்தான், இல்லை. சுண்ணாம்புக்கல்லிலும் இல்லை. மூடும் நேரம் நெருங்கும்போது, 1909 அறிக்கையில் பழங்காலக் கருவிகள் என்ற பக்கத்தில் இரண்டு வரி அகப்பட்டது. கல் கோடாரி ஒன்று, கிள்ளான் அருகே ரயில் பாதைக்கு வெட்டிய மண்ணில் கிடைத்தது. அன்பளிப்பு: மிஸ்டர் ஃபெல்லோஸ், உதவி எஞ்சினியர்.

மூன்று முறை படித்தான். அன்பளிப்பு என்ற சொல் இருந்தது, அய்யாவு இல்லை.

“யாரு மேசையில கொண்டாந்து வைக்கிறானோ அவன் பேரத்தான் எழுதுவாங்க” என்றார் அய்யூப். “கல்லையாவது பாத்துட்டுப் போங்க. அந்தக் கடேசிக் கண்ணாடிப் பெட்டி.”

பெட்டிக்குள் ஏழு கற்கள். ஒன்றின் கீழே கிள்ளான் என்று சீட்டு இருந்தது. குங்குமம் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, குளித்துவிட்டு வந்தது போலிருந்தது. அவன் கைகள் தானாகக் குவிந்தன. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி நிற்பதைக் கண்டு, ஒரு கையை இறக்கி, மற்றதால் காதைச் சொறிந்துகொண்டான்.

அன்று மாலையே ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய், மரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்த தம்புசாமியிடம் எழுதி வந்ததைத் தமிழில் படித்துக் காட்டினான்.

“எங்க, அய்யாவு பேரைக் காட்டு” என்றார் அவர்.

“பேரு இல்லீங்க. ஆனா அன்பளிப்புன்னு போட்டிருக்கு.”

“யாரு அன்பளிப்பு? தொர. சரி, தொர இனாமாக் குடுத்துட்டான். தொரைக்கு ஒங்க தாத்தன் இனாமாக் குடுத்தான்னு எங்க எழுதியிருக்கு?”

“எழுதலீங்க.”

“இதுக்குத்தான் ராத்திரி ஸ்கூலுக்குப் போறியா?”

ரயிலில் வரும்போது இராமலிங்கம் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. கேள்வி நியாயமாக இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான்.

“அப்ப கல்லு சீமைக்குப் போவலியா?” என்றார் தம்புசாமி.

“இல்லீங்க. கோலாலம்பூர்லதான் இருக்கு. கண்ணாடிப் பெட்டியில.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“கும்பிட்டியா?”

“பாதி” என்றான் இராமலிங்கம்.

துடைப்பம் நின்றுவிட்டது. கப்பலேறிப் போய்விட்டது என்றுதான் லயம் முழுக்க நம்பியிருந்தது. எந்தத் தெரு, எந்த வாசல், டிக்கெட் உண்டா, பொம்பளைகளை விடுவார்களா என்று வரிசையாகக் கேட்டார்.

“வரி விஷயம்...” என்று இழுத்தான் அவன்.

“அது வேற பேச்சு.”

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவன் வீட்டில் இருந்தபோது, கோயில்காரர்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். அம்மா தனலெட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம வாசல்லதான் நிக்கிறாங்க” என்றாள் மெதுவாக. அப்பா சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

“வீட்டுக்கு இருபது காசு” என்றான் வந்தவர்களில் இளையவன்.

“வரிக்கா?”

“லோரிக்கு மாமா. நாளைக்கு எல்லாரும் மியூசியம் போறோம், சாமி பாக்க. வரியப் பத்திப் பூசாரி ஒண்ணும் சொல்லல.”

அப்பா வரிக்கென்று ஒரு வெள்ளி நோட்டை, முழுசாக நூறு காசை, எடுத்திருந்தார். அதை மறுபடி உள்ளே வைத்துவிட்டு, சில்லறை தேடி எண்ணிக் கொடுத்தார்.

“பேரு எழுதிக்கலியா?”

“லோரிக்கு எதுக்கு மாமா பேரு? ஏறி ஒக்காந்தாப் போதும்.”

அவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். “சாமி இருக்கற எடத்தைக் கண்டுபிடிச்சவன் வீட்லயே இருபது காசா? நல்லாருக்கு கத” என்றாள் அம்மா. அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

“நீ இன்னும் கொஞ்சம் நல்லாத் தேடியிருக்கலாம்” என்றார் மகனைப் பார்க்காமல்.

இராமலிங்கம் நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். விளக்கருகே உட்கார்ந்து எழுதினான்.

மார்ச் 17, சனிக்கிழமை. தாத்தா பெயர் அகப்படவில்லை. அவர் விற்றாரா, கொடுத்தாரா என்று எனக்கும் தெரியவில்லை. அப்பா சொன்னது சரியாக இருக்கலாம். அறிக்கையை மட்டும்தான் பார்த்தேன், அறிக்கை எழுத ஆதாரமாக இருந்த கடிதங்களைக் கேட்கவேயில்லை. நாளை காலை ஏழு மணிக்கு லோரி. உள்ளே கற்பூரம் கொளுத்தக் கூடாது என்று ஏறுவதற்கு முன்பே தம்புசாமியிடம் சொல்ல வேண்டும். அவர்கள் பெட்டியருகே நிற்கும்போது, ஃபெல்லோஸ் துரையின் கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று அய்யூப் அண்ணனிடம் கேட்க வேண்டும்.