மொட்டை மாடியில் மூன்று மெத்தைகள்

வெள்ளிமலைக்குப் போய்வந்த மூன்றாம் வாரம், ரியாசுதீனின் முதுகில் வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள் தெரிந்தன. கொசுதான் என்று சொல்லிவிட்டு அவர் செருப்புக்கடையைத் திறக்கப் போய்விட்டார். கொசு இப்படிக் கோடு போட்டுக் கடிக்குமா? அவர் மனைவி மஹ்ஜபீன் மெத்தையின் ஓரத்தையலை விரித்து, போன் வெளிச்சத்தில் பார்த்தாள். கருப்புப் புள்ளிகள். நடுவில், கொள்ளுப்போலத் தட்டையாக ஒரு மூட்டைப்பூச்சி.

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம்தான். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா கமலா, மாடிப்படியைக்கூட நாளுக்கு இரண்டுமுறை பெருக்குகிறவர்.

"கமலாக்காவுக்குத் தெரிஞ்சா இன்னாங்க நெனப்பாங்க? காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னா?" என்று கடையிலிருந்து வந்தவரிடம் கேட்டாள்.

"தெரியாமயே முடிச்சிடலாம்" என்று ரியாசுதீன் ஒரு பூச்சி ஸ்பிரே வாங்கிவந்து வீடு முழுக்க அடித்தார். பாதிப் பூச்சிகள் செத்தன. மீதி சுவிட்சுபோர்டுக்குள்ளும் சுவர் விரிசலுக்குள்ளும் குடியேறின. மறுநாள் அவர் வயிற்றைச் சொறிந்துகொண்டே கடைக்குப் போனார்.

வெயிலிலாவது போடலாம் என்று மஹ்ஜபீன் மெத்தையைத் தலையில் சுமந்து மொட்டை மாடிக்கு ஏறினாள். அங்கே கமலா இரண்டு மெத்தைகளை விரித்துப்போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். இருவரும் திடுக்கிட்டார்கள்.

"சும்மாதான். ஈர வாசன அடிச்சிது" என்றார் கமலா.

"எங்களுதும் அப்டித்தாங்க்கா."

மறுநாளும் இருவரும் அங்கேதான் நின்றார்கள். பஞ்சு கட்டிக்கொண்டதாக ஒருவர் சொன்னார், தண்ணீர் கொட்டிவிட்டதாக இன்னொருவர். மூன்றாம் நாள், மெத்தைகளுக்கு நடுவே சூடான தரையில் ஒரு பூச்சி அவசரமாக ஓடியது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"இது உன்துலேர்ந்து வந்துதா, என்துலேர்ந்தா?" என்று கமலா மெதுவாகக் கேட்டார்.

பொய் சொல்ல மஹ்ஜபீனுக்கு வாய் வரவில்லை. "தெரிலக்கா. எங்க வூட்லயும் கீது."

கமலா அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா. உனுக்குத் தெரிஞ்சா வூட்ட காலி பண்ணிக்கினு போயிடுவியேன்னு நான் பயந்துகினு இருந்தேன்."

சிரித்து முடிக்கவே இருவருக்கும் நேரமானது. பிறகுதான் யோசித்தார்கள். இரண்டு குடும்பமும் ஒரே ஜீப்பில் மலைக்குப் போய், ஒரே அறையில் தங்கி, பைகளையெல்லாம் அங்கிருந்த கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தார்கள்.

"பூச்சியும் டூர் வந்துகீது" என்றார் கமலா.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டையும் சேர்த்தே சுத்தம் செய்ய இறங்கினார்கள். கமலாவின் கணவர் தீனதயாளன், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர், கட்டில்களைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுவந்தார். சந்து சந்தாகக் கொதிநீர் ஊற்றினார்கள். துணிகளை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ரியாசுதீன் சுவிட்சுபோர்டைக் கழற்றிச் சுத்தம் செய்தார். சுவர் விரிசல்களை வெள்ளை சிமெண்டு வைத்து அடைத்தார். அவர் மூக்கிலும் கொஞ்சம் அப்பியிருந்தது. மாலையில் கட்டில்களைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டு, கால்களுக்கு அடியில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களை வைத்தார்கள். போர்வை தரையில் தொங்கக்கூடாது என்று கமலா உத்தரவு போட்டார்.

"இத்தோட முடியாது. முட்ட பொரிக்கும். பத்து நாள் கழிச்சி இன்னொருவாட்டி பண்ணணும்" என்றார் தீனதயாளன்.

"அப்பவும் நீங்கதான் கட்டில கழட்டணும்" என்றார் கமலா.

இரண்டாம் முறை நாலைந்து குஞ்சுகள்தான் அகப்பட்டன. மூன்றாம் முறை தேடித்தேடிப் பார்த்தும் ஒன்றுகூட இல்லை. ரியாசுதீனின் முதுகு ஆறியது. அவர் பகலிலும் ஒரு தூக்கம் போட்டார்.

விஷயம் வெளியே போகக்கூடாது என்பது கமலாவின் கட்டளை. ஆனால் ஆலைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கையைச் சொறிவதைப் பார்த்ததும் தீனதயாளனால் சும்மா இருக்க முடியவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து ஆலை வாசல்வரை மூட்டைப்பூச்சி ஒழித்த கதையையே சொல்லிக்கொண்டு போனார். கமலா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கையைச் சொறிந்த அந்த மனிதரின் மனைவியே கமலாவுக்குப் போன் செய்து, வெந்நீரை எத்தனை தடவை ஊற்றவேண்டும் என்று பணிவாகக் கேட்டார்.

கமலா போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். "இந்தா மஹ்ஜபீன், நீ சொல்லு" என்று அதை அவள் காதில் வைத்துவிட்டு, "எல்லாத்தயும் வெவரமா சொல்லும்மா, ஒண்ணும் வுட்டுடாத" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.