லிப்டுக்கு ஒரு நாள் லீவு

எங்கள் குடியிருப்பு லிப்ட் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் கெடும். அதுவும் கருவிகளுக்கெல்லாம் தெய்வமான விசுவகர்மாவின் பூஜையன்று, விடிந்தும் விடியாமலும். மறுநாள் கம்பெனி ஆள் வந்து பார்ப்பான். ஒரு திருகுகூடத் தளர்ந்திருக்காது.

கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றின் கரையில் நந்தன்காட்டுச் சணல் ஆலை ஓடிய காலத்தில் அன்றைக்கு எந்தச் சக்கரமும் சுழலாது. தறிகளுக்குப் பொட்டும் பூவும் வைத்து, ஆட்டுக்கறியும் கிச்சடியும் தின்றுவிட்டு ஊரே கூரையேறிப் பட்டம் விடும். ஆலை போய், அதே இடத்தில் ‘கங்கா தரிசனம்’ என்று ஒன்பது மாடி எழுந்தது. கங்கை தெரிவது ஒரு பக்கத்து வீடுகளுக்குத்தான். தரிசன விலையை மட்டும் எல்லாரிடமும் வாங்கிவிட்டார்கள். ஆலை வாசலில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம் என்னுடையது. நான் தரைத்தளம் வாங்கினேன். ஆறு தெரியாது, வருகிறவன் போகிறவன் எல்லாம் தெரியும். வியாபாரிக்கு அதுதான் தரிசனம். அதனாலோ என்னவோ, சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள்.

தலைவர் லாஹிரி, பாசனத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் இரண்டு கையிலும் மீன் பையோடு ஒன்பதாம் மாடிக்கு ஏறிய கோபம் இன்னும் தணியவில்லை. கூட்டத்தில் மேசையைத் தட்டினார்: “இந்த வருஷமும் நின்னுச்சுன்னா பஞ்சானனுக்கு வேலை கிடையாது. ஆலைக்காரன் புத்தி எங்க போகும்? மெஷினுக்கு லீவு விடறான்!”

பஞ்சானன் ஆலையில் தறி பழுது பார்த்தவர்; இப்போது லிப்டையும் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துக்கொள்கிறார். இதே மண்ணில் ஒரு முறை வேலை போனவர். மறுபடியும் இங்கேயே போவதென்றால், இந்த வயதில் வேறெங்கே தேடுவார்?

டீக்கடையில் அவரைப் பிடித்தேன். “உண்மையைச் சொல்லுங்க, நீங்கதானே?”

“நான் இல்ல சாகர்-தா.” இங்கே ‘தா’ என்றால் அண்ணன். “அவ்வளவு தைரியம் இருந்தா சம்பளத்தை உசத்திக் கேட்டிருக்க மாட்டேனா?”

“அப்ப யாரு?”

“விசுவகர்மாதான். வேற யாருக்கு இந்த நாளு ஞாபகம் இருக்கு?”

“கடவுள் இறங்கி வந்து ஸ்விட்சைத் தேடுறாரா?”

“உலகத்தையே செஞ்சவருக்கு ஒரு ஸ்விட்சு தெரியாதா? அவர் அணைச்சதை அன்னிக்கு நான் போட மாட்டேன்.”

கடவுளே ஆனாலும் முகம் பார்க்காமல் நம்புவது எங்கள் குடும்ப வழக்கமில்லை. பூஜையன்று விடியும்போது படிக்கட்டுக்குக் கீழே மோட்டார் அறையில் போய் உட்கார்ந்தேன். கொசுக்கள் என்னை அன்போடு வரவேற்றன.

செருப்புச் சத்தம் கேட்டது. நான்காம் மாடி சுதேஷ்ணா. கல்கத்தாவில் வங்கி வேலை. காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவள். தோளில் சால்வை. நேராக வந்தாள், லிப்டின் மெயின் ஸ்விட்ச் கைப்பிடியைக் கீழே இழுத்தாள், அடுப்பை அணைத்தவள்போலத் திரும்பினாள்.

“வணக்கம் விசுவகர்மா,” என்றேன்.

“ஐயோ!” சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “சாகர்-தா, உங்களுக்குத் தூக்கமே வராதா?”

“வந்துது. நீதான் கெடுத்தே. எதுக்கும்மா இந்த வேலை?”

சால்வை நுனியை முறுக்கினாள். “மொத தடவை இதே பூஜையன்னிக்கு நெஜமாவே கெட்டுப்போச்சு. அதுவரைக்கும் இங்க லிப்ட் கண்ணாடியில என் மூஞ்சியைத் தவிர வேற மூஞ்சி எனக்குத் தெரியாது. அன்னிக்குப் படியில ஏறினேன். ரெண்டாவது மாடியில கத்தரிக்கா பஜ்ஜி குடுத்தாங்க. மூணாவதுல ஒருத்தி பையைப் பிடுங்கிக்கிட்டு, ‘உக்காருடி, மூச்சு வாங்கிட்டுப் போ’ன்னா. மறுநாள் லிப்ட் ஓடுச்சு. அத்தனை பேரும் காணாம போயிட்டாங்க.”

“பஞ்சானன் வேலையும் காணாம போகப் போவுது. தெரியுமா?”

“யாரு சொன்னா? நான் கூட்டத்துக்கே வர்றதில்லையே... இருங்க, இப்பவே போட்டுடறேன்.”

கை கைப்பிடிக்குப் போய்விட்டது. அதை மேலே தள்ளினால் விவகாரம் தீர்ந்தது. ஆனால் தரைத்தளத்துக்காரன் நான். அந்தப் படிகளில் அப்படி என்னதான் நடக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பிரித்துப் பார்க்காத மூட்டையைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

“விடும்மா. லாஹிரியை நான் பாத்துக்கறேன்,” என்று படியேறினேன்.

“மறுபடியும் நின்னுருச்சா!” என்று திட்டிக்கொண்டே கதவுகள் திறந்தன. திறந்தவை மூடவில்லை. மூன்றாம் மாடியில் டீ கொடுத்தார்கள். ஐந்தாம் மாடிக்காரரைக் கடன் வசூலிக்கும் ஆள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தம் ஆமைகளைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்.

ஒன்பதாம் மாடியில் லாஹிரி பனியனோடு நின்றிருந்தார். “கூப்பிடுங்க அந்தப் பஞ்சானனை!”

“அவர் நிறுத்தல. இது சங்கச் செயலாளர் உத்தரவு,” என்றேன் மூச்சிரைக்க. “பழைய ஆலை வழக்கம் சார். விசுவகர்மா பூஜைக்கு மெஷினுக்கு மூணு நாள் லீவு.”

“மூணு நாளா? யார்கிட்ட கதை விடறீங்க? எங்க துறைப் பட்டறையிலயே ஒரு நாள்தான்!”

“ரெண்டு நாளாவது...”

“ஒரு நாள்! யாருக்காவது உடம்பு முடியலைன்னா அந்த நிமிஷமே போட்டாகணும்.”

“ரொம்பக் கறார் சார் நீங்க. சரி, ஒண்ணு. அப்ப பஞ்சானன்?”

“லீவு நாள்ல லிப்ட் நின்னா அவனை என்னன்னு கேக்கறது?” சொன்ன பிறகுதான் தாம் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. ஆனால் பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் இருப்பவன் சரக்கைத் திருப்பித் தர மாட்டான். “நானே போய் அவன்கிட்ட சொல்றேன். ஒரே நாள்னு!” என்று சட்டையைத் தேடினார்.

நான் முந்திக்கொண்டு இறங்கினேன். கீழே பஞ்சானன் செம்பருத்தி மாலையோடு நின்றிருந்தார்.

“வேலை இருக்கு,” என்றேன். “இன்னிக்கு உங்க லிப்டுக்கு லீவு.”

“நான்தான் சொன்னேனே, அவரே வந்து நிறுத்துவார்னு!” லிப்ட் கதவில் மாலையைப் போட்டுக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற சுதேஷ்ணா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாஹிரிக்காகக் காத்திருந்தோம். எட்டாம் மாடியில் அவர் குரல் கேட்டது, பிறகு ஏழில். ஆறில் நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்து அங்கிருந்து ஒரு வெடிச்சிரிப்பு. லாஹிரிதான், அவர் சிரித்து இந்தக் கட்டடம் கேட்டதில்லை.

அங்கே என்ன பேசினார்கள் என்று பிறகு எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தேன். அவரும் சொல்லவில்லை, ஆறாம் மாடிக்காரர்களும் சொல்லவில்லை. அடுத்த பூஜைக்கு மோட்டார் அறையில் எனக்கு வேலையில்லை. விடிந்ததும் ஆறாம் மாடிப் படியில் போய் உட்கார்ந்துவிடப் போகிறேன்.